மருதமரத்து உண்ணிக் கடை

இருவாட்சிப் பறவை தன் நீண்ட அலகை மருதமரத்துப் பொந்துக்குள் விட்டு அளந்தது.

"ஒன்றரை அலகு ஆழம். போதும். என் வீட்டுக்காரி முட்டையோட உள்ளே உட்கார்ந்து வாசலை மண் வச்சு அடைச்சுக்க நல்ல இடம்."

வாயில் நீளமான புல்லோடு வந்த மைனா பக்கத்துக் கிளையில் நின்றுவிட்டது. புல்லைக் காலடியில் வைத்துக்கொண்டு கேட்டது. "யாருங்க நீங்க? அது நான் இருக்கிற பொந்து."

"பௌர்ணமிக்கு அப்புறம் என்னுது. கீழே முதலாளி சொல்லலையா?"

கீழே குளக்கரையில், கிழட்டுக் கருங்குரங்கு ஒன்று காட்டுப்பன்றியின் கழுத்தில் உண்ணி எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் காட்டில் உண்ணி எடுக்கும் கடை அது ஒன்றுதான். முதுகும் கழுத்தும் குரங்கு பார்க்கும். காது மைனாவின் வேலை. வால் அணிலின் வேலை; அது சற்றுத் தள்ளி ஒரு மானின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடையில் வேலை செய்கிறவரை மருதமரத்தில் ஆளுக்கொரு பொந்து உண்டு.

குரங்கு அண்ணாந்து பார்த்தது. "அவர் மரம் மாறி வந்துட்டார். நீ உன் வேலையைப் பாரு மைனா." சொல்லிவிட்டு இருவாட்சியிடம் கண்ணைக் காட்டியது. இருவாட்சிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பறந்து போனது.

மைனாவுக்கு நிம்மதி. புல்லைப் பொந்துக்குள் விரித்துவிட்டு, அடுத்த புல்லுக்குப் பறந்தது.

காட்டுப்பன்றி கண்ணை மூடியபடியே பேசியது. "மரம் மாறியா வந்தாரு அவரு?"

"தலையை ஆட்டாதீங்க."

"கடையை மூடிட்டு மலைமேல மகள்கிட்டப் போறேன்னு என்கிட்டச் சொன்னீங்க. இருவாட்சிகிட்டச் சொன்னீங்க. குளத்துத் தவளைக்குக்கூடத் தெரியும். கடையில வேலை செய்யறவங்களுக்குத்தான் தெரியாது."

"கடைசி நாள் சொல்லிக்கலாம். மழைக்கு முன்னாடி கூட்டம் அதிகம். இப்பவே சொன்னா ரெண்டு பேரும் வேற இடம் பார்த்துக்கிட்டுப் போயிடுவாங்க. உங்க காதையெல்லாம் நான் ஒருத்தனா பார்க்க முடியுமா? என் விரல் பெருசு."

"மைனா எதுக்குப் புல் சுமக்குதுன்னு தெரியுமா?"

"எதுக்கு?"

"நாளை மறுநாள் முட்டை இடப் போகுதாம். என் காதுக்குள்ளதான் சொல்லுச்சு. முட்டை பொரிஞ்சு குஞ்சு பறக்க ஒன்றரை மாசம் ஆகும். பௌர்ணமிக்குப் பதினஞ்சு நாள்தான் இருக்கு."

குரங்கு உண்ணி என்று நினைத்துப் பன்றியின் மயிரைப் பிடுங்கியது.

"ஆ!" என்றது பன்றி. குரங்கின் கை தவறியதை அந்தக் குளக்கரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

மைனா அடுத்த புல்லோடு வந்துகொண்டிருந்தது. முன்னதைவிட நீளமான புல். பறக்கும்போது இன்னொரு வால்போல ஆடியது.

குரங்கு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தது. "மைனா, கீழே வா. அணிலே, நீயும் வா. மான் கொஞ்சம் காத்திருக்கட்டும்."

இரண்டும் வந்தன.

"இருவாட்சி மரம் மாறி வரலை. நான் பொய் சொன்னேன். பௌர்ணமியோட கடையை மூடுறேன். விரல்ல பலமில்லை. மலையில வெயில் காஞ்சுக்கிட்டு உட்காரணும்னு ஆசை. மரத்தை அவருக்குத் தர்றதா வாக்கும் கொடுத்துட்டேன். உங்ககிட்டத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்."

மைனா புல்லை மெதுவாகத் தரையில் வைத்தது. "நாலு நாள் முன்னாடி சொல்லியிருந்தா எனக்கு அறுபது நடை மிச்சம், முதலாளி."

அணில் திரும்பி ஓடியது. புதருக்குள் அதன் வால் மறைந்தது.

"பார்த்தீங்களா? சொன்னதும் ஒருத்தன் போயாச்சு" என்றது குரங்கு, பன்றியிடம்.

மான் வாலைத் தூக்கியபடியே நின்றது. அதற்கு வால் வலிக்கத் தொடங்கிய நேரத்தில் அணில் திரும்பி வந்தது. மூச்சு வாங்கியது.

"எதிர்க்கரை நாவல் மரத்துல ரெண்டு பொந்து காலி. மேல இருக்கிறதுல மழை புகாது. நானே உள்ளே படுத்துப் பார்த்துட்டேன். மைனாக்கா, வெளிச்சம் இருக்கும்போதே கூட்டை மாத்திடலாம்."

"நீ வேலையை விட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன்" என்றது குரங்கு.

"மானோட வால் பாதியில நிக்குது. அதை விட்டுட்டு எங்கே போறது?"

வால் முடிந்ததும் அன்றைக்குக் கடையை அடைத்தார்கள். குரங்கு மைனாவின் கூட்டை அப்படியே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது. முன்னால் அணில், பின்னால் பன்றியும் மானும். "சாயாதீங்க, சாயாதீங்க" என்று மைனா தலைக்குமேல் கத்திக்கொண்டே வந்தது. தவளைகள் ஏதோ கல்யாண ஊர்வலம் என்று நினைத்துப் பாட ஆரம்பித்தன. யாரும் அவற்றைத் திருத்தவில்லை.

நாவல் மரத்தில் நான்கு முட்டைகள். துணைப்பறவை அடைகாத்த நேரத்தில் மைனா கடைக்கு வந்தது. அணிலும் ஒருநாள்கூட வராமல் இருக்கவில்லை. குரங்கு, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுத்தான் பேசியது. "இனிமே காது கடிச்சா நாவல் மரம். வால் அரிச்சா நாவல் மரம். முதுகுக்கு இவங்க ரெண்டு பேருமே ஏறிக்குவாங்க. என் கையைவிடச் சுத்தமான கை." கடைப்பக்கம் வராத எருமைக் கூட்டத்தைத் தேடிப்போயும் சொல்லிவிட்டு வந்தது.

பௌர்ணமி அன்று காலை குரங்கு கடைசியாகக் கடை திறந்தது. ஒருவரும் வரவில்லை. எதிர்க்கரையைப் பார்த்தது. நாவல் மரத்தடியில் பன்றி, மான், ஏழு எருமைகள், ஒரு முயல் எல்லாம் வரிசையில் நின்றன.

குரங்கு போய் முயலுக்குப் பின்னால் நின்றது.

"காதா, வாலா?" என்று கேட்டது அணில்.

"முதுகு. இத்தனை வருஷமா எல்லார் முதுகையும் பார்த்தேன். என் முதுகுக்குத்தான் என் கை எட்டலை."

அதன் முதுகிலிருந்து பதினேழு உண்ணி எடுத்தார்கள். பன்றி பக்கத்தில் உட்கார்ந்து உரக்க எண்ணியது. ஒவ்வொரு எண்ணுக்கும் எருமைகள் தலையாட்டின. குரங்கு கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே இருந்தது.

கடையை மூடுவது முதலாளியின் விருப்பம். ஆனால் அதை நம்பிக் கூடு கட்டுகிறவர்களுக்கு முதலில் சொல்லி, அவர்களுக்கு வேறு இடம் அமையும்வரை உடன் நிற்பது அவருடைய கடமை.

மறுநாள் விடியற்காலையில் குரங்கு மலைக்குக் கிளம்பியது. மருதமரத்தடியில் அந்த நீளமான புல் இன்னும் கிடந்தது. குரங்கு அதை எடுத்துக்கொண்டது. குளத்தைச் சுற்றிப் போய், நாவல் மரத்தில் ஓசைப்படாமல் ஏறி, பொந்தின் வாசலில் செருகிவிட்டு இறங்கி நடந்தது.