காமதேனுவின் கயிறு

மறுநாள் காலை ஆவுடையப்பனுக்குக் காவி கொடுப்பதாக இருந்தது.

மலைமேல் இருந்த அந்த மடத்துக்கு அவர் வந்து ஆறு மாதம். மனைவி இறந்ததும் பதினொரு வயது மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர். சாப்பிட உட்கார்ந்தால் பிள்ளை வாசலையே பார்க்கிறாள் என்று தங்கை எழுதியிருந்தாள். கடிதம் நான்கு நாளாக இடுப்பில் இருந்தது.

குரு அவரைவிட நான்கு வயது இளையவர். மடத்துச் சுவர்களில் படம் எழுதுவார். வீட்டை விட்டு வந்து இருபது வருடம்; அவரைத் தேடி ஒருவரும் மலையேறி வந்ததில்லை.

"பின்சுவர் காலியா கிடக்கு. ஒரு காமதேனு எழுதும்வே," என்றார் குரு.

ஆவுடையப்பன் ஐம்பது வயதுவரை மாடு கறந்தவர். காமதேனுவின் பெண்முகத்தில் கை தடுமாறியது. உடம்பு ஒரே இழுப்பில் வந்தது. மடி, மடியில் வாய் வைத்த கன்று, விரிந்த இரண்டு சிறகுகள்.

மதியம் குரு வந்து பார்த்தார்.

"முகத்துல உம்ம சாடை இருக்கு. மீசைதான் இல்ல."

ஆவுடையப்பன் சிரித்தார்.

"கழுத்துல என்னவே?"

கயிறு. கழுத்திலிருந்து இறங்கி ஒரு முளைக்குப் போயிருந்தது. வரைந்தவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"கைப்பழக்கம், சாமி."

"சிறகு இருக்கிற மாட்டுக்கா?"

"மாட்டுக்கு எதுக்கு சாமி சிறகு? பறந்து என்ன செய்யப் போகுது?"

குரு குனிந்து முளையைப் பார்த்தார்.

"கறக்கும்போது கட்டுவீரா?"

"பின்னங்காலைக் கட்டணும். இல்லன்னா உதைச்சிரும்."

"கன்னு குடிக்கும்போது?"

"அப்ப எதுக்குக் கட்டு? அதுவா நிக்கும்."

குரு ஈரத்துணியை நீட்டினார்.

ஆவுடையப்பன் கயிற்றைத் துடைத்தார். துடைத்தபின் சிறகுகள் பெரிதாகத் தெரிந்தன. மாடு நின்றுகொண்டிருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்தார். கை இடுப்பிலிருந்த கடிதத்துக்குப் போய் வந்தது.

எதிர்ச்சுவரில் குரு எப்போதோ எழுதிய காமதேனு இருந்தது. அதே விரிந்த சிறகுகள். மடி கனத்திருந்தது. அதன்கீழே வெறும் சுண்ணாம்புச் சுவர்.

"சாமி, நீங்க எழுதினதுல கன்னு இல்லையே."

குரு தூரிகைகளை ஒவ்வொன்றாகக் கழுவினார். கழுவிய தண்ணீரைச் செடியில் ஊற்றினார்.

"அது பறந்து வந்த பிறகு எழுதினது."