கிழங்கர் தட்டிய தட்டு

கருநாவல் காட்டுக் குளக்கரையில் குட்டி விலங்குகளுக்கு ஒரு ஜூடோ கூடம் இருந்தது. அங்கே சொல்லிக் கொடுத்தது ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில், ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டு உருளும் பிராணி. விழுவதைப் பற்றி அதற்குத் தெரியாததா? எல்லோரும் அவரை அழுங்கு மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

திடலில் கோரைப் பாய் விரித்திருக்கும். பாயில் ஏறும்போது வணக்கம், இறங்கும்போதும் வணக்கம். கடிக்கக் கூடாது, பிறாண்டக் கூடாது, தோற்ற குட்டியைக் கேலி செய்யக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. கீழே மாட்டிக்கொண்ட குட்டி பாயை இரண்டு முறை தட்டினால், மேலே இருக்கும் குட்டி அந்த நொடியே பிடியை விட வேண்டும். தட்டியவர் தோற்றவர். ஆனால் உடம்பு தப்பிக்கும்.

"முகம் அமுங்கிக் கிடக்கும்போது வாயால கத்த முடியாது, பிள்ளைகளா! தட்டுறதுதான் பேச்சு. சத்தம் கேட்டா யோசிக்காதே, விடு!" என்பார் மாஸ்டர்.

அன்று கூடத்தில் போட்டி. கிழங்கர் என்ற காட்டுப்பன்றி, எல்லோருக்கும் முன்பாக வந்து பாயின் ஓரத்தில் இடம் பிடித்துவிட்டார். அவர் மகன் சேற்றுமுத்து ஆடப் போகிறான். போன முறை அவன் தட்டித் தோற்றதில் கிழங்கருக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

முதல் ஆட்டத்தில் சேற்றுமுத்துவை எதிர்த்து வந்தான் நெளியன் என்ற கீரிக் குட்டி. எலும்பே இல்லாதவன்போல் வளைந்தான், நுழைந்தான், சேற்றுமுத்துவை மல்லாக்கத் தள்ளி மேலே ஏறி அமுக்கிவிட்டான். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தால் வெற்றி அவனுக்குத்தான்.

தொப், தொப்!

தட்டுச் சத்தம் கேட்டது. நெளியன் உடனே பிடியை விட்டான். சொல்லிக் கொடுத்தபடி வணங்கக் குனிந்தான். அவ்வளவுதான், சேற்றுமுத்து துள்ளி எழுந்து அவனைப் புரட்டி அமுக்கிவிட்டான்!

"ஐயா! அவன் தட்டினானே!" என்று கீழே கிடந்தபடி நெளியன் அலறினான்.

"நான் தட்டவே இல்லையே!" என்றான் சேற்றுமுத்து. அவன் சொன்னது உண்மை. தட்டியது அவன் அப்பா! பாய் ஓரத்தில் நின்றபடி, முன்குளம்பால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார் கிழங்கர். ஒரு தகப்பன் செய்கிற காரியமா இது! கேட்ட எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. அழுங்கு மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். அந்தக் குளம்பு உயர்ந்ததையும் பார்த்தார், இறங்கியதையும் பார்த்தார். ஆனால் மேடும் பள்ளமுமாகக் கிடந்த இந்தத் திடலைத் தன் மூக்கால் கிளறிச் சமப்படுத்திக் கொடுத்தவரே கிழங்கர்தான். அவரை எப்படிக் கேட்பது? மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வெற்றி சேற்றுமுத்துவுக்கு!" என்று அறிவித்தார்.

நெளியன் அழுதுகொண்டே இறங்கினான். வணக்கம் சொல்லாமல் இறங்கினான். அவனை யாரும் கண்டிக்கவில்லை.

"எப்படி நம்ம யோசனை?" என்று மகன் காதில் கிசுகிசுத்தார் கிழங்கர்.

"வேண்டாம்பா. எனக்குப் பிடிக்கல," என்றான் சேற்றுமுத்து.

"ஜெயிச்சா எல்லாம் பிடிக்கும், போடா!"

கூட்டத்தில் இருந்த மற்ற தாய் தகப்பன்மார் மட்டும் என்ன, கண்ணை மூடிக்கொண்டா இருந்தார்கள்? அடுத்த ஆட்டம் கரடியம்மாவின் மகள் தேனாச்சிக்கும் சேற்றுமுத்துவுக்கும். கரடியம்மா மகளைத் தனியே இழுத்துப் போனாள்.

"இங்க பாரு. தட்டுற சத்தம் கேட்டா நம்பாதே. அந்தப் பன்றியோட குளம்புதான் அது. மாஸ்டர் வாயால சொல்ற வரைக்கும் அமுக்கிக்கிட்டே இரு!"

"தட்டினா உடனே விடணும்னு மாஸ்டர் சொல்லியிருக்காரேம்மா?"

"அந்தக் கீரிப் பையன் விட்டான். என்ன ஆச்சு? பார்த்தே இல்ல?"

தேனாச்சி தலையாட்டினாள். பாவம், நல்ல குட்டி அது.

ஆட்டம் தொடங்கியது. இருவரும் வணங்கினார்கள். தேனாச்சி எடுத்த எடுப்பிலேயே சேற்றுமுத்துவைக் கவிழ்த்து மேலே விழுந்தாள். விழுந்த வேகத்தில் அவனுடைய வலது முன்னங்கால் கோணலாக மடங்கி அடியில் மாட்டிக்கொண்டது. முகம் பாயில் புதைந்தது. கத்தவும் முடியவில்லை. இடது முன்னங்காலால் பாயைத் தட்டினான்.

தொப், தொப்!

தேனாச்சி கிழங்கரைப் பார்த்தாள். விடவில்லை.

தொப், தொப், தொப்!

மாஸ்டரும் கிழங்கரைத்தான் பார்த்தார். கூட்டம் நெருக்கியதில் மறைந்துபோன அவருடைய குளம்பைத் தேடிக்கொண்டிருந்ததில், பாயில் துடித்த சின்னக் குளம்பு அவர் கண்ணில் படவில்லை.

கிழங்கருக்கு மட்டும் புரிந்துவிட்டது. அவருடைய நாலு காலும் மண்ணில் அசையாமல்தான் நின்றன.

"விடு! ஐயோ, விடும்மா! நான் தட்டலை! என் பிள்ளைதான் தட்டுறான்!" என்று கதறினார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பாருங்கய்யா, இப்போ வாயாலயும் தட்டுறார்!" என்றது ஒரு குரங்கு.

"விடாதே தேனாச்சி! அமுக்கு!" என்றாள் கரடியம்மா.

மளுக்!

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தேனாச்சி நெருப்பை மிதித்தவள்போல் துள்ளி எழுந்தாள். சேற்றுமுத்துவின் கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கிக் கிடந்தது. அதைப் பார்த்த முயல்கள் கண்ணைப் பொத்திக்கொண்டன. குட்டிகளின் விளையாட்டுத் திடலில், இத்தனை பெரியவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இப்படி நடந்தது!

"விட்டா ஏமாந்துடுவேன்னு அம்மா சொன்னாங்க... அம்மா சொன்னாங்க..." என்று தேனாச்சி தேம்பினாள்.

அழுங்கு மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். "முதல் ஆட்டத்தில உங்க குளம்பை நான் பார்த்தேன், கிழங்கரே. பார்த்தும் பேசாம இருந்தேன். இந்தக் காலை உடைச்சதுல எனக்கும் பங்கு இருக்கு." சொல்லிவிட்டு அவர் சுருண்டுகொள்ளவில்லை. சுருண்டுகொள்ள அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்! எல்லோரும் பார்க்கும்படி நிமிர்ந்தே நின்றார்.

பச்சிலை கட்டிக் கால் ஒரு மழைக்காலத்தில் கூடியது. ஆனால் கோணலாகத்தான் கூடியது. சேற்றுமுத்து அதற்குப் பிறகு பாயில் ஏறவே இல்லை.

அன்றைக்கு வலியில் முனகிக்கொண்டே அவன் அப்பாவிடம் ஒன்று கேட்டான். "நான் தட்டினேனேப்பா... அத்தனை தடவை தட்டினேனே. யாருக்குமே கேட்கலையா?"

"கேட்டுச்சுடா கண்ணு," என்றார் கிழங்கர், அவன் முகத்தைப் பார்க்க முடியாமல். "எல்லாருக்கும் கேட்டுச்சு."

பிள்ளையை ஜெயிக்க வைக்க விதியைப் பொய்யாக்குகிறவர், அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற இருந்த ஒரே காவலையும் தம் கையாலேயே அழித்துவிடுகிறார்.