நடுவில் நின்ற குமிழ்கள்

பட்டீஸ்வரனுக்குக் கோணல் என்றால் ஆகாது. பம்புசெட் கம்பெனியில் முப்பத்தாறு வருடம் லேத் ஓட்டிய மனுஷன். சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் சோற்றுத் தட்டை விட்டு எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் மறுவாய் சாப்பிடுவார். அவருக்கென்று பிறந்த நிரஞ்சனோ, எதைச் செய்தாலும் அது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் நிற்கும்.

அவன் மெல்லிய மரத்தில் செய்த கிளைடர் விமானத்தை ஒருநாள் தூக்கிப் பார்த்தார். "இடது ரெக்கை கனம். கோணல் வேலை" என்று திருப்பிக் கொடுத்தார். பையன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

கார்த்திகையில் பைக் எடுத்துக்கொண்டு போனவன் வீடு திரும்பவில்லை. லாரி. இருபத்து நாலு வயசு.

வைகாசியில் பட்டீஸ்வரன் தானே போய் அவனுடைய கிளைடர் கழகத்தில் சேர்ந்தார். மதுக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு மொட்டைக் கரடு, மரமில்லாத சின்னக் குன்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதில் மோதி மேலே ஏறும். எஞ்சின் இல்லாத விமானங்களை அந்தக் காற்றில் மிதக்கவிட்டு, ரிமோட்டில் ஓட்டுகிறவர்கள் ஞாயிறு காலையில் அங்கே கூடுவார்கள்.

கற்றுக்கொடுப்பவள் ஜெசிந்தா. வயது முப்பத்திரண்டு, மற்ற ஆறு நாளும் பல்செட் செய்கிற லேபில் வேலை. கழகத்தில் எல்லோரும் கேலியாக அவளை 'குரு' என்பார்கள். பட்டீஸ்வரன் ஒருவர்தான் கேலியில்லாமல் அப்படி நினைத்தவர். ஆனால் வாயில் 'அம்மிணி' என்றுதான் வரும்.

எட்டு வாரம் கழகத்துப் பழைய விமானத்தில் பழகினார். ஒன்பதாவது ஞாயிறு மகனுடைய கிளைடர் பெட்டியைச் சுமந்துகொண்டு கரடு ஏறி வந்தார். முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

"என்னங்கய்யா, காய்ச்சலா?"

"இல்லீங்க அம்மிணி. ஒரு காரியம் பண்ணிப்போட்டேன்."

நிரஞ்சனின் ரிமோட்டை எடுத்து நீட்டினார். பழைய மாடல். ஓட்டுகிற குச்சிகளுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் குமிழ்கள். தள்ளினால் டிக் டிக்கென்று நகரும். டிரிம் என்பார்கள். குச்சியிலிருந்து கையை எடுத்தாலும் விமானம் நேராகப் போகிற மாதிரி, ஓட்டுகிறவன் பறக்கவிட்டுப் பறக்கவிட்டு நகர்த்தி வைக்கிற குமிழ்கள். இரண்டும் நட்டநடுவில் நின்றன.

"பதினாறாம் நாள் முடிஞ்சு அவன் ரூமைக் கூட்டினேனுங்க. இது ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் நின்னுச்சு. நடுவுல கோடு போட்டிருக்குதே, இதைக்கூட நேரா வெக்கத் தெரியலையான்னு நாந்தான் தள்ளி வெச்சேன். துணி போட்டுத் தொடைச்சும் வெச்சேன்."

ஜெசிந்தா ரிமோட்டைக் கையில் வாங்கினாள்.

"போன வாரம் நீங்க டிரிம்முன்னா என்னன்னு சொல்லிக் குடுத்தீங்கள்ல? அன்னைல இருந்து தூக்கமில்லீங்க. அவன் விரல் கடைசியா நின்ன இடமுங்க அது. எங்கே நின்னுச்சுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், வரமாட்டேங்குது. பாவி, அழிச்சுப்போட்டேன்."

"போட்டோ ஏதாச்சும்?"

"தேடிட்டேனுங்க. நீங்க பாத்திருக்கீங்களா?"

"அடுத்தவங்க ரிமோட்டை நாங்க எட்டிப் பாக்கறதில்லைங்கய்யா."

அவர் தலையை ஆட்டினார். பிறகு பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். மடிப்புக் கலையாத புதுத்தாள்.

"நடுவுல வெச்சது வெச்சாச்சு. இனி விமானத்தைத்தான் அதுக்குத் தக்கன மாத்தோணும். இடது ரெக்கையைக் கொஞ்சம் தேய்ச்சுக் கனத்தைக் குறைச்சா நடுவுலயே நேராப் போகுமில்லீங்களா? தேய்க்கட்டுங்களா?"

ஜெசிந்தா விமானத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தாளைப் பைக்குள்ள போடுங்க. ரிமோட்டைப் பிடிங்க. குச்சியைத் தொடக் கூடாது."

கரட்டின் பின்பக்கம், காற்று அடங்கின புல்தரைக்குக் கூட்டிப்போனாள். விமானத்தைத் தோளுயரத்தில் பிடித்து, மெதுவாக முன்னால் தள்ளிவிட்டாள்.

பத்தடி போய்ப் புல்லில் மூக்கைக் குத்தியது.

"ஐயோ!" என்றார்.

"புல்லுதாங்க. எப்படிப் போச்சு?"

"மூக்கு கனமுங்க."

"உள்ளே என்ன இருக்கு?"

"நட்டு. நான் பட்டறைல இருந்து கொண்டு வந்து வெச்சிருந்தது. அவன் கேக்காம எடுத்து ஒட்டிட்டான். அதுக்கும் வைதேன்."

"மூக்கைத் தூக்கற பக்கம், கீழே ஒரு டிக்."

தள்ளினார். அவள் வீசினாள். குத்தியது. இன்னொரு டிக். குத்தியது. ஓடிப்போய் எடுத்து வருவதும் வீசுவதுமாக நேரம் போனது. ஆடி மாதத்துச் சாரல் வந்து நனைத்துவிட்டுப் போயிற்று. மற்றவர்கள் தங்கள் விமானங்களைத் துணி போட்டு மூடிக்கொண்டு தள்ளியே நின்றார்கள்.

நாலாவது டிக்கில் மூக்கு நிமிர்ந்தது. ஆனால் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போய் விழுந்தது.

"சொன்னேனில்லீங்க? அந்த ரெக்கை..."

"ரெக்கையைப் பத்தி நான் கேக்கல. வலப்பக்கம் ஒரு டிக்."

கொஞ்சம் தேவலை. இன்னொரு டிக். சாய்வு நின்றாற்போல் இருந்தது. இன்னும் ஒன்று வைத்தபோது வலப்பக்கம் திரும்பிவிட்டது.

"ஒண்ணு பின்னால வாங்க."

வந்தார். அவள் வீசினாள். விமானம் நூல் பிடித்தாற்போல் நேராகப் போய், புல்லில் வயிற்றை வழுக்கிக்கொண்டு நின்றது. பட்டீஸ்வரன் அதை எடுத்துவரப் போகவில்லை. ரிமோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு குமிழ் கீழே, ஒரு குமிழ் வலப்பக்கம், ஒழுங்கில்லாமல் நின்றன.

"வாங்க, விளிம்புக்குப் போலாம்" என்று அவளே போய் எடுத்து வந்தாள்.

காற்றுக்கு எதிரே நின்று விமானத்தை வீசினாள். அது பள்ளத்தின் மேலே ஏறி நின்றது. பட்டீஸ்வரனின் கட்டைவிரல் குச்சியை விடாமல் பிடித்திருந்தது.

"விரலை எடுங்கய்யா."

"விழுந்துடுமுங்க."

"உங்க பையன் இந்த உயரம் வந்ததும் ரெண்டு கட்டைவிரலையும் எடுத்துருவான். ரிமோட்டைக் கழுத்துல தொங்கவிட்டுட்டு, இங்கே நின்னு கடலை உரிச்சுத் தின்னுவான். எடுங்க."

எட்டு வாரமாக அவருக்கு இது ஒன்றுதான் வராமல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தார்.

விமானம் தன் போக்கில் போனது. சாம்பல் மேகத்துக்குக் கீழே, கரட்டு விளிம்பை ஒட்டி நேராகப் போனது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்தால் அந்த நேரத்தில் விமானம் பார்வையிலிருந்து தப்பிவிடுமோ என்று துடைக்காமல் நின்றார். கோணல் வேலை என்று சொன்ன அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பு வலித்தது.

கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அம்மிணி, அவன் வெச்ச இடம் இதுதான்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"எனக்கு எங்கே தெரியும்? அந்த விமானத்துக்குத்தான் தெரியும்" என்றாள் ஜெசிந்தா. "ரெக்கையைத் தேய்ச்சிருந்தீங்கன்னா, அதுக்கும் மறந்து போயிருக்கும்."