துண்டு போட்ட திரை

தபால்காரராக முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செபமாலை, தன் வயதில் பாதிகூட ஆகாத பூவிழியிடம் கணினி படித்தார். விரல் தானாக எழுத்தைத் தேடிப் போக வேண்டும் என்று, அவர் கைகள் மேல் ஒரு துண்டைப் போட்டுத்தான் பூவிழி சொல்லிக்கொடுத்தாள்.

அதன் பிறகு ஒன்பது வருடமாக, ஊரில் ரத்தம் கொடுக்கிறவர்களின் பட்டியலை ஒரு பழைய கணினியில் செபமாலை சேர்த்துவந்தார். பெயர், தெரு, ரத்த வகை எல்லாம் தமிழில்; கடைசியில் போன் நம்பர்.

ஒருநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது.

செபமாலை பட்டியலைத் திறந்தார். ஓர் எழுத்துகூட இல்லை. திரை முழுக்கக் கட்டங்கள், வரிக் கடைசியில் போன் நம்பர் மட்டும். மூன்று முறை அணைத்துப் போட்டும் அப்படியே இருந்தன.

அடுத்த தெருவிலிருந்து பூவிழி ஓடி வந்தாள்.

"எல்லாம் கட்டம் கட்டமா தெரியுது டீச்சர்."

"ஜாதகம் பாக்கவா கூப்பிட்டீங்க? நேத்து இதுல என்ன செஞ்சீங்க?"

"மெஷின் நகர மாட்டேங்குதுன்னு, வேண்டாத எழுத்துருவை எல்லாம் அழிச்சேன்."

"வேண்டாததுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பேரு இங்கிலீஷ்ல இருந்துச்சு."

பூவிழி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தமிழ் எழுத்துருவுக்கும் பேரு இங்கிலீஷ்லதான் அண்ணாச்சி இருக்கும்."

"உடனே திருப்பிப் போடுங்க."

"அந்த சிடியை வீட்டுல தேடி எடுக்கவே மத்தியானம் ஆயிரும்."

"அப்ப ஒன்பது வருஷப் பட்டியலும் போச்சா?"

பூவிழி பட்டியலில் தேடும் பெட்டியைத் திறந்து வைத்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை உருவித் திரை மேல் போட்டாள்.

"ஓ நெகட்டிவ்னு அடிங்க."

"திரை தெரியலையே."

"விரலுக்குத் தெரியும். அடிங்க."

அடித்தார். பூவிழி துண்டை விலக்கினாள். ஒரு வரி மட்டும் நீலமாக மின்னிக்கொண்டிருந்தது. வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் பத்து எண்கள், பளிச்சென்று.

"கூப்பிடுங்க."

"ஆளு யாருன்னே தெரியாமலா?"

"எடுத்தா அவரே சொல்லுவாரு."

எதிர்முனையில் மணி நாலு தடவை அடித்தது.

"சுயம்பு பேசுறேன். யாரு, செபமாலை அண்ணாச்சியா? எந்த ஆஸ்பத்திரி?"

செபமாலை போனை நீட்டினார். பூவிழிதான் போனை வாங்கி இடத்தைச் சொன்னாள். பிறகு அவரே அடுத்த வரியைத் தேடினார், அதற்கடுத்ததையும். மூன்று பேர் கிளம்பினார்கள்.

பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன். அந்தப் பெண் கண் விழித்துவிட்டாள், பிள்ளையைக் கேட்கிறாள் என்றார்கள். செபமாலை வாசலுக்கு ஓடி, துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். தெருவில் போனவர்கள் நின்று சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

மத்தியானம் பூவிழி சிடியோடு வந்து எழுத்துருவைப் போட்டாள். கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுத்தாகின. செபமாலை விரல் வைத்துச் சத்தமாக வாசித்தார்.

"சுயம்புலிங்கம். உப்பளத் தெரு. ஓ நெகட்டிவ்."

பிறகு துண்டால் திரையைத் துடைத்தபடி கேட்டார்.

"ஒரு எழுத்துகூடத் தெரியல. உள்ள ஆளு இருக்காருன்னு எப்படி டீச்சர் நம்புனீங்க?"

பூவிழி துண்டை மடித்து அவர் தோளில் போட்டாள்.

"முப்பது வருஷம் தபால் குடுத்தீங்களே அண்ணாச்சி, ஒரு கவரையாவது பிரிச்சுப் பாத்துட்டா குடுத்தீங்க?"