சிடுமூஞ்சிக் கல்யாணம்

ஒரு ஊர்ல ஒரு மலைக்கோயில். காலையில ஆறு மணி. இருநூத்திப் பத்துப் படி ஏறி வந்து மணவறையில உக்காந்திருந்தா ஒரு கல்யாணப்பொண்ணு, பேரு அஞ்சுகம். ம் சொல்லு, கண்ணு.

"ம்."

ஊருக்குள்ள அவளைச் சிடுமூஞ்சின்னுதான் கூப்பிடுவாங்க. சூடான எண்ணெயில தண்ணி பட்டா சிடுசிடுங்குதுல்ல? அந்தச் சத்தத்துக்கு ஒரு மூஞ்சி முளைச்சா எப்படியிருக்கும்? புருவம் ரெண்டும் முட்டிக்கிட்டு, உதடு இறுகி, அதுதான் சிடுமூஞ்சி. பாவம், அவ சந்தோஷமா இருந்தாலும் மூஞ்சி அப்படித்தான்.

மாப்பிள்ளையோட அம்மா கேட்டாங்க. "என்ன சம்பந்தி, பொண்ணு முறைக்குது? எம் மவனைப் பிடிக்கலையா?"

அஞ்சுகத்துக்குத் திக்குன்னுச்சு. மாப்பிள்ளை தவசின்னா அவளுக்கு அவ்வளவு ஆசை.

பொண்ணோட அம்மாக்காரி அவ காதுல சொன்னா, "சிரிடி. முடியலேன்னா தலையையாவது குனி."

குனிஞ்சுகிட்டா.

அப்புறம் தாலியைத் தேங்காய் மேல வச்சு, தட்டை எல்லார்கிட்டயும் நீட்டி ஆசீர்வாதம் வாங்கினாங்க. தட்டுல வாழைப்பழம் வேற! மலைமேல அப்படி வைக்கலாமா? வெடுக்! ஒரு குரங்கு வந்து தாலியையும் பழத்தையும் பிடுங்கிட்டு வேப்பமரத்துல தாவிடுச்சு.

"அபசகுனம்!"னாங்க மாப்பிள்ளை அம்மா. "முகூர்த்தம் தப்புனா இந்தச் சம்பந்தமே வேணாம்."

இன்னும் கால் மணி நேரந்தான்.

அப்போ தாலியைக் கீழ போடட்டும்னு தாய்மாமன் இன்னொரு பழத்தை வீசினாரு. குரங்கு ஒரு கையில தாலியை வச்சுக்கிட்டு, மறு கையால லபக் லபக்குனு தின்னுச்சு. அப்புறம் தவில்காரர் டமடம டமடமன்னு அடிச்சாரு. அது இன்னொரு கிளை மேல போயிடுச்சு. அப்புறம் தவசியே மரத்துல ஏறினான். சர்ர்ர்! பட்டுவேட்டி கிழிஞ்சு, தொப்புனு கீழ விழுந்தான்.

"ம்... அடி பட்டுச்சா?"

முட்டியில மட்டும். அவன் விழுந்த சத்தத்துல அஞ்சுகம் நிமிர்ந்தா. மாலையும் கழுத்துமா மரத்தடிக்குப் போயி, கண்ணு இமைக்காம முறைச்சா. குரங்கும் பார்த்துச்சு. அவ இன்னும் ஒரு அடி முன்னால வச்சா. குரங்கு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. பயத்துல பல்லை இளிச்சுச்சு. தாலியை விட்டுட்டு, கிளை கிளையா ஒரே ஓட்டம்!

ஊரே அப்பாடான்னு மூச்சு விட்டுச்சு.

மாமியார் தாலியை எடுத்து மகன் கையில திணிச்சாங்க. "கட்டுடா சீக்கிரம். இந்தச் சிடுமூஞ்சி நம்ம வீட்டுக்கு வேணும்டா."

கெட்டிமேளம், கெட்டிமேளம்!

அடுத்த வருஷம் ஆவணி பதினொண்ணாம் தேதி, மாமியாரும் மருமகளும் அதே கோயிலுக்குப் போனாங்க. பொங்கல் பொட்டலத்தை மருமக கையில குடுத்துட்டு, மாமியார் குரங்குகளுக்கு நடுவுல கையை வீசிக்கிட்டுப் படி இறங்கினாங்க.

கதையும் மலையிறங்கிடுச்சு. கண்ணை மூடு.