ஏழாவது துப்பாக்கி

"ஆறு துப்பாக்கி கொண்டு வந்துட்டேனுங்க. ஒண்ணைக்கூடத் தொட்டுப் பார்க்காம எப்படிங்க வேண்டாம்னு சொல்றீங்க?"

கெம்பராஜுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. துப்பாக்கி பழுது பார்க்கும் ரோஸ்லின் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவளிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே என்று ஊரே கேலி பேசியது. பேசட்டும். மகள் பிரதிபா ரைஃபிள் கிளப்பில் சுடுகிறாள். அவளுக்கு, லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் பழைய ரைஃபிள் ஒன்று வாங்கித் தர வேண்டும், ஏமாறாமல் வாங்க வேண்டும்.

"அதான் ஏழாவது வந்திருக்கே. இதுல என்னண்ணா பார்த்தீங்க?"

"ஸ்குரு தலை எதுவும் சிதையலீங்க. அரைகுறை ஆளு யாரும் கழட்டல. கட்டையில விரிசல் இல்ல. குழலுக்குள்ள டார்ச் அடிச்சேன், துரு இல்ல. லீவர்ல ஆட்டம் இல்ல."

"அடேங்கப்பா! ஒண்ணு விடாமக் கத்துக்கிட்டீங்க."

கெம்பராஜுக்கு உச்சி குளிர்ந்தது. மேஜையிலிருந்த ரைஃபிளை எடுத்து, முன்பு ஆறையும் நீட்டியது போலவே பெருமையாக நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. ஓரடி விலகி நின்றாள்.

"இதுவும் வேண்டாமுங்களா?"

"நான் நின்ன இடத்துல பிரதிபா நிக்கறான்னு வச்சுக்கங்க. இப்ப நீட்டுங்கண்ணா."

இதென்ன விளையாட்டு என்று நினைத்துக்கொண்டே நீட்டப் போனார். கை பாதியில் நின்றுவிட்டது. குழலின் வாய் மகளின் வயிற்றுக்கு நேராக இருந்தது.

சட்டென்று மூலையிலிருந்த மணல் மூட்டைப் பக்கம் அதைத் திருப்பினார். உள்ளே தோட்டா இருந்தால் வெளியே வரட்டும் என்று லீவரைத் தள்ளி இழுத்தார்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி இழுத்தார். ஒன்றும் வரவில்லை.

மூன்றாம் தடவை, குழலுக்குக் கீழே தோட்டா அடுக்கும் குழாயில் எங்கோ சிக்கிக் கிடந்த ஒரு தோட்டா துள்ளி வந்து தரையில் உருண்டது.

ரைஃபிளை மெல்ல மேஜையில் வைத்தார்.

"நேத்து வீட்டுல... இதை அவகிட்டக் காட்டினேனுங்க."

ரோஸ்லின் ஒரு முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்கார்ந்தார்.

"அப்ப அந்த ஆறுலயும் என்னங்க கோளாறு?"

அவள் குனிந்து தோட்டாவைப் பொறுக்கினாள்.

"ஆறுமே நல்ல துப்பாக்கிங்கதான், அண்ணா."