மஞ்சளாகாத பாட்டில்

சாயப்பட்டறைக் கழிவு ஊர்க் குடிதண்ணீரில் கலக்கிறதா என்று சோதிக்க அதிகாரி வந்தார். பட்டறை மேனேஜர் சென்னியப்பன் முந்திக்கொண்டு ஒரு பாட்டிலை நீட்டினார்.

"தெருக்குழாயில நானே புடிச்சது. எத்தனை சுத்தம் பாருங்க! மயிலாத்தா, இது குழாய்த் தண்ணிதான்னு சாட்சிக் கையெழுத்துப் போடு. இல்லீன்னா பஞ்சாயத்துல சொல்லி உன் வேலையை எடுத்துருவேன்."

ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் மயிலாத்தாள், குளோரின் இருந்தால் மஞ்சளாக்கும் சொட்டு மருந்தை அதில் விட்டாள். நிறமே மாறவில்லை.

"ஐயையோ! காலையில நான் குளோரினே போடலையாட்ட இருக்குதுங்க. நீங்களே என்னை வேலையை விட்டு எடுத்துருங்க சார்!"

பதறிப்போன அதிகாரி தெருக்குழாயைத் திறந்து தானே சோதித்தார். பளிச்சென்று மஞ்சள்.

"அப்ப இந்தப் பாட்டில் தண்ணி ஏதுய்யா?"

"எங்க ஆபீஸ் கேன் தண்ணிங்க..." என்று இழுத்தார் சென்னியப்பன்.

மயிலாத்தாள் அப்பாவியாகக் கேட்டாள்: "ஏனுங்க, குழாய்த் தண்ணி அத்தனை சுத்தம்னா ஆபீசுக்குக் கேன் எதுக்குங்க?"